அறுபது டிக்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நல்ல காகிதம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் போனில் நான் கத்தியது உண்மை. “கத்தறதா இருந்தா காகிதத்துல கத்து, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு” என்று சொல்லி நீங்கள் போனை வைத்ததும் உண்மை. அதனால் காகிதத்தில் கத்துகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் தாண்டிய லிஃப்ட் மெக்கானிக் எழுதும் கடிதம் இது. சிவப்புப் பேனாவை எட்ட வைத்துவிட்டுப் படியுங்கள்.

நீங்கள் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. யாரோ படம் பிடித்துப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் போட, ஒரே நாளில் எல்லார் போனிலும் நீங்கள்தான். ‘முப்பத்தொரு ஆண்டு ஆசிரியப் பணியில் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைக்கூட நான் கண்டதில்லை. இன்று தெருவுக்கு நான்கு. குழந்தைகள் மாறவில்லை, பெயர் சூட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.’ அழகான தமிழ். அடுத்த வரியில்தான் என் கழுத்துக்குக் கத்தி: ‘என் நெருங்கிய உறவில் ஒரு பெண் குழந்தை. முதல் மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். பெற்றோருக்கு மனம் ஆறவில்லை. வேறு மருத்துவரைத் தேடிப்போய்ப் பட்டம் வாங்கி வந்தார்கள்.’

அண்ணா, உங்கள் நெருங்கிய உறவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றுதான் இருக்கிறது. அது இப்போது எனக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நீங்கள் பெரியப்பா.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை அம்மா உங்கள் கடிதத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். “எழுதினவர் உங்க அண்ணனாமே? அவரும் ஹெட்மாஸ்டராமே?” என்றார். ஆமாம் என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. அடுத்த வருடம் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் உதவி டீச்சர் இருப்பாரா மாட்டாரா என்று அன்றைக்கு முடிவாகும். முதல் ரிப்போர்ட் ஒன்றுமில்லை என்கிறது, இரண்டாவது உண்டு என்கிறது, குடும்பத்துக்குள்ளேயே பெரியவர் ஒருவர் நம்பவில்லை, நாங்கள் எதை நம்புவது என்று கேட்டார். அந்த ‘பெரியவர்’ நீங்கள்.

அந்த உதவி டீச்சர் வந்த பிறகுதான் அவள் வகுப்பில் நாற்காலியில் உட்காருகிறாள். அதற்கு முன்னால் எட்டு மாதம் மேசைக்கு அடியில்தான் படிப்பு. இது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கத்தாமல்.

எனக்கு வேண்டியது இதுதான். இருபத்தெட்டுக்கு முன்னால் அதே பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் எழுதிவிட்டேன் என்று எழுதுங்கள். இரண்டே வரி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினான்கு எழுத்துப் பிழைகள். சிவப்புப் பேனாவை எட்டத்தான் வைத்திருந்தேன். கண்ணை எட்ட வைக்க முடியவில்லை.

பத்திரிகையில் எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன். நான் எழுதியது குழந்தையைப் பற்றி அல்ல, ஒரு போக்கைப் பற்றி. எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். பையன் ஒரு பாடத்தில் தோற்றால் உடனே ஒரு மருத்துவர், ஒரு சோதனை, ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை வாங்கித் தர ஒரு தரகன்கூட இருக்கிறான். இதைச் சொல்லக் கூடாதா? உன் மகளை இனம் காணும்படி எழுதியது தவறு. அந்த மட்டில் வருந்துகிறேன். வாதம் வாதமாகவே நிற்கிறது.

நீயே யோசித்துப் பார். நம் வீட்டில் நீ எப்படி வளர்ந்தாய்? புதுச்சட்டை போட மாட்டாய். கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் துணி குத்துகிறது என்று தெருவில் விழுந்து அழுவாய். விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். ஆறு வயது வரை அம்மாவைத் தவிர யாரோடும் நாலு சொல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. யாராவது உன்னை மருத்துவரிடம் கூட்டிப்போனார்களா? அப்பாவின் பெல்ட் போதுமானதாக இருந்தது. இன்று நீ வேலை பார்க்கிறாய், குடும்பம் நடத்துகிறாய், வாய் ஓயாமல் பேசுகிறாய். அன்றைக்கே உனக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தால் நீ அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாய்.

பெண் குழந்தை வேறு. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில், வாழப்போகும் இடத்தில், இந்தக் காகிதம் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அதை எண்ணிப் பார்த்தாயா?

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல். குழந்தை ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கும் இடையே ஆறு மாதம். முதலாமவர் ஒன்றுமில்லை என்று எழுதியது எப்படி? அவரும் படித்தவர்தானே?

அண்ணி உங்கள் மூவரையும் விசாரித்தாள்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

நேராகப் பதில் சொல்கிறேன். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் நானாகச் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டேன்.

முதல் டாக்டரைப் பார்க்கப்போன அன்று என் மனைவிக்கு லாண்டரியில் காலை ஷிஃப்ட். நான் மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போனேன். வெளியே நாற்பது பேர். ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: இல்லை, சில நேரம், அடிக்கடி.

என் வேலையில் லிஃப்ட் ஒன்றுக்கு ஒரு சர்வீஸ் ஷீட் உண்டு. இருபத்து நான்கு வரி. பிரேக், கயிறு, கதவு சென்சார், குழியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, கீழே வந்து, முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக டிக் போடுவேன். முதல் கட்டம் என்றால் ‘சரி’. பத்தொன்பது வருடமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது. அந்தப் படிவத்திலும் கை போனது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பாளா? இல்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாளா? இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வாளா? இல்லை. அறுபது டிக், நாலு நிமிடம். அன்றைக்குப் பார்த்து அவளும் டார்ச்சை வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் படிவத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தார், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். படித்தவர்தான். அவரிடம் கொடுத்ததைப் படித்தார்.

கைப்பழக்கம் என்று இதோடு முடித்துவிடலாம். முடித்தால் அது அறுபத்தோராவது பொய். மூன்றாவது கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா. ‘இல்லை’ என்று டிக் போடும்போதே அவள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற முகம் கண்ணில் தெரிந்தது. தெரிந்துதான் போட்டேன். நீங்கள் பத்திரிகையில் எழுதியதை நான் அன்றைக்கே நம்பினேன். பேர் வைக்காவிட்டால் இருக்காது என்று நம்பினேன்.

ஆறு மாதம் கழித்து என் மனைவி அந்தப் படிவத்தின் நகலைப் பார்த்தாள். “இது யாரோட பொண்ணு?” என்று மட்டும் கேட்டாள். பிறகு புதுப் படிவம் வாங்கி வந்து மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பினாள். இரண்டாவது டாக்டரம்மா பிள்ளையோடு மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எழுதினார். பட்டம் வாங்கினோம் என்றீர்களே, வாங்கின கதை இதுதான்.

இப்போது என் முறை. உங்களிடம் ஒரு கதையும் ஒரு கேள்வியும்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். லிஃப்ட்டில் எந்தக் கோளாறு வந்தாலும், கதவு ஒரு விநாடி தாமதமானால்கூட, பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். அதற்கு முந்தின மாதம் வரை மாதத்துக்கு ஐந்து கோளாறு. பதிவேடு வந்த மாதம் நாற்பத்தொன்று. முதலாளி குதித்தார், “எல்லாருமா சேந்து லிஃப்ட்ட கெடுக்கறீங்களாடா?” என்று. யாரும் கெடுக்கவில்லை. முன்பெல்லாம் நின்ற லிஃப்ட்டை உதைத்தார்கள், அது ஓடியது. ஓடியதால் கோளாறு இல்லை.

கேள்வி இது. வருடத்துக்கு ஒன்று என்று முப்பத்தொரு கறுப்பு நோட்டு வைத்திருப்பீர்களே, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சொந்தக் குறிப்போடு. பரண்மேல் தகரப் பெட்டியில் இருக்கும். அதை இறக்குங்கள். கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். ‘மந்தம்’, ‘திமிர்’, ‘வாய் திறப்பதில்லை’, ‘பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்’. நீங்கள் கண்டதில்லை என்றீர்கள். கண்டு எதையாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பெல்ட் விஷயம் அடுத்த கடிதத்தில். இதில் எழுதினால் எழுத்துப் பிழை கூடும்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் வாக்குமூலத்தைப் படித்தேன். இரண்டு முறை.

பரண் ஏறுகிற வயது எனக்கு இல்லை. முழங்கால் இடம் கொடுக்காது. இடம் கொடுத்தாலும், ஓய்வு பெற்ற ஒருவனிடம் அவன் வாழ்நாள் வேலையைத் திருத்தித் தரச் சொல்கிறாய். அதற்கு உனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் படிவத்தைப் பற்றி ஆய்வுக் குழுவில் மூச்சு விடாதே. பொய் எழுதிக் கொடுத்தவன் என்று ஆகிவிட்டால், நீ அதற்கு மேல் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அத்தோடு போகுமா? பார்க்காமல் டிக் போடுகிற மெக்கானிக் என்று ஊருக்குள் பேச்சு வந்தால் உன் வேலை என்ன ஆகும்? அந்தக் குழுவில் இருப்பவர்களும் ஏதோ ஒரு கட்டடத்தில் உங்கள் லிஃப்ட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். இரண்டு மருத்துவர்களின் கருத்து வேறுபாடு என்று மட்டும் சொல். அது பொய்யும் அல்ல.

இதை உன் அண்ணனாகச் சொல்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவனாக அல்ல.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

ஊரே உங்கள் கட்சிதான். சந்தோஷப்படுங்கள்.

திங்கள்கிழமை ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மூன்றாவது மாடியில் கதவு திறந்தபடி நிற்கிறது, வாசலில் ‘பழுது’ போர்டும் வைத்திருக்கிறேன். இரண்டு அம்மாக்கள் வந்து அந்த போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று பேச ஆரம்பித்தார்கள்.

“இப்பல்லாம் யாரக் கேட்டாலும் ஆட்டிசம்ங்கறாங்க. நம்ம காலத்துல ஏது?”

“எல்லாம் போனக் குடுத்துக் குடுத்து வர்றது. அம்மாக்காரி வேலைக்குப் போனா புள்ள கிட்ட யார் பேசுவா?”

“பள்ளிக்கூடத்துல தனியா ஒரு டீச்சர் குடுக்கறாங்கல்ல, அதுக்குத்தான்.”

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. “அப்படி இல்லீங்கம்மா” என்றேன், கூரையிலிருந்து. லிஃப்ட் பேசியது என்றே நினைத்துவிட்டார்கள். ஒருவர் பையைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். மற்றவர் நின்று, மேலே பார்த்து, “யாருங்க?” என்றார். “மெக்கானிக்ங்க. எம் பொண்ணுக்கு இருக்கு. போன் கிடையாது, டார்ச்தான்” என்றேன். அந்த அம்மா கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டார். “எத்தன வயசு?” என்றார். சொன்னேன். “எங்க அக்கா பையன் ஒருத்தன்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எல்லார் வீட்டிலும் பாதியில் நிறுத்துகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது.

இனி பெல்ட்.

பெல்ட்டாலேயே நான் நிமிர்ந்துவிட்டேன் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். நான் நிமிரவில்லை, அண்ணா. அடி எங்கே விழும் என்று தெரிந்துகொண்டு அங்கே போகாமல் நடந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கும் புதுச்சட்டை வாங்கினால் முதல் வேலை கழுத்துத் துணியை பிளேடால் எடுப்பது. கல்யாணமான புதிதில் இவள் பார்த்துவிட்டு, எலி கடித்த சட்டையை வாங்கி வந்திருக்கிறேன் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகப் பார்த்தாள். வாய் ஓயாமல் பேசுகிறேன் என்கிறீர்கள். எதிரே நிற்பவர் பேசினால் என்ன பதில் சொல்வது என்று பாதி நேரம் தெரியாது, அதனால் நானே பேசிவிடுகிறேன். ஏன் லிஃப்ட் வேலைக்கு வந்தேன் தெரியுமா? மெஷின் ரூமில் ஆள் இருக்க மாட்டார்கள். பெரிய கட்டிலுக்கு அடி, அவ்வளவுதான்.

எனக்குப் பேர் வைக்கவில்லை என்று எழுதினீர்கள். வைத்தார்கள். அப்பா வைத்தது ‘கழுதை’. தெருவில் ‘ஊமைக்கோட்டான்’. உங்கள் வாயிலிருந்தும் ஒன்று வந்தது, அதை இங்கே எழுதவில்லை. பேரே இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. என் மகளுக்கு வைத்திருக்கும் பேரில் பக்கத்தில் உட்கார ஒரு டீச்சராவது வருகிறார். என் பேரில் பெல்ட் வந்தது.

நேற்று உதவி டீச்சருக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கென்று பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் வரைபடம் வைக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம் தேடியிருக்கிறார்கள். உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் என்று நான் முடிக்கவில்லை, நீங்களும் முடிக்க வேண்டாம். கண்டுபிடித்துக் கதவைத் திறந்தபோது அவள் சொன்னது, “கதவு மூடுகிறது. தள்ளி நிற்கவும்.” லிஃப்ட்டில் வரும் பெண் குரலில், அதே நிறுத்தத்தோடு. வீட்டில் நாங்கள் அதைக் கேட்டால் அறையை விட்டு வெளியே போய்விடுவோம். ‘போதும், என்னைக் கொஞ்சம் விடு’ என்பதற்கு அவளிடம் இருக்கும் சொல் அதுதான். வகுப்பு ஆசிரியை அதைத் திமிர் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். உங்கள் நோட்டின் கடைசிப் பத்தியில் இருக்கும் அதே சொல்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி போவேன். அறுபது டிக்கையும் நான்தான் போட்டேன், தெரிந்தே போட்டேன் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். மருத்துவர்களின் கருத்து வேறுபாடு என்று சொல்லச் சொன்னீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் நான் மறுபடி முதல் கட்டத்தில் டிக் போட்டதாக ஆகும்.

நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். நோட்டையும் இறக்க வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

பரண்மேல் நான் ஏறவில்லை. உன் அண்ணி ஏறினாள். உன் கடிதங்களை அவள் எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். நான் போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே பெட்டியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, “இத முடிச்சுட்டு சாப்பிடுங்க” என்றாள்.

நான்கு நாட்கள் ஆயின.

குறிப்பு எழுதுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற ஆசிரியர்கள் மதிப்பெண் மட்டும் எழுதினார்கள், நான் பிள்ளையையே எழுதினேன் என்று சொல்லிக்கொள்வேன். சொன்னது சரிதான். எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது நோட்டில் ஒரு பெண். இரண்டாம் வகுப்பு. ஜூன் மாதக் குறிப்பு: ‘மேசைக்கு அடியில் உட்காருகிறாள். நடிப்பு.’ ஆகஸ்டு: ‘மணி அடித்தால் காதைப் பொத்துகிறாள். நடிப்பு. கையைக் கட்டி உட்கார வைத்தேன்.’ அக்டோபர்: ‘முன்னேற்றம். அசையாமல் இருக்கிறாள்.’ ஜனவரி: ‘நின்றுவிட்டாள்.’

அவள் முகம் எனக்கு நினைவில்லை. கையெழுத்து என்னுடையது.

இப்படி முப்பத்தொரு நோட்டுகளில் இருபத்து மூன்று பேர். இவர்களுக்கெல்லாம் உன் மகளுக்கு இருப்பதுதான் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒருத்திக்குக் காது கேட்காமல் இருந்திருக்கலாம், ஒருவனுக்கு வீட்டில் அடி விழுந்திருக்கலாம். சான்றிதழ்த் தரகனைப் பற்றி எழுதியதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவன் இருக்கிறான், நேற்றும் பார்த்தேன். ஆனால் ‘ஒரு குழந்தையைக்கூடக் கண்டதில்லை’ என்று இனி நான் எழுத முடியாது. கண்டிருக்கிறேன். கண்ட இடத்தில் ‘நடிப்பு’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

பத்திரிகைக்குப் புதுக் கடிதம் அனுப்பினேன். ஆசிரியர் குழுவில் இருந்து ஒரு பையன் போன் செய்தான். “சார், மொத கடிதத்துக்கு நல்ல வரவேற்பு, இது கொஞ்சம் டல்லா இருக்கு” என்றான். போடுவார்கள் என்று தோன்றவில்லை. அதனால் அதன் நகலையும், பன்னிரண்டாவது நோட்டின் அந்தப் பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்தைக் கிழித்தே அனுப்புகிறேன். அந்தக் குழுவின் முன்னால் என் பெயரைச் சொல்லிப் படி. பெரியவர் என்றார்களே, பெரியவர் சொல்வதைக் கேட்கட்டும்.

நீ எழுதாமல் விட்ட பெயர் எனக்கு நினைவிருக்கிறது. நான் வைத்ததுதான். அப்பா பெல்ட்டை எடுத்த நாட்களில் நான் அடுத்த அறையில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கினேன். சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் அவ்வளவு உரக்கப் படித்தேன்.

உன் கடைசிக் கடிதத்தில் எத்தனை பிழைகள் என்று எண்ணவில்லை.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீண்ட மேசை. தலைமையாசிரியை அம்மா, கல்வி அதிகாரி, பள்ளிக்கூட டாக்டர், பெற்றோர் சார்பில் ஒருவர். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். நான் கழுத்துத் துணி எடுத்த புதுச்சட்டை. அந்தக் காலத்தில் வகுப்பில் உட்கார்ந்ததுபோல் கடைசி நாற்காலியைத் தேடினேன், இவள் சட்டையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தாள்.

அதிகாரி இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுல எது உண்மை?” என்றார். நான் எழுந்து அறுபது டிக் கதையைச் சொன்னேன். பெற்றோர் சார்பில் வந்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

“அப்ப மொத ரிப்போர்ட் பொய்யா?”

“ரிப்போர்ட் பொய் இல்லீங்க. நான் பொய்.”

“லிஃப்ட்டையும் இப்படித்தான் பாப்பீங்களா? எங்க ஆபீஸ் லிஃப்ட்டே உங்க கம்பெனிதான்.”

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. “லிஃப்ட்டத் தொறந்து பாத்துட்டுதாங்க டிக் போடுவேன். பொண்ணத் தொறந்து பாக்கப் பயந்துட்டேன். அந்த பயத்துக்கு எட்டு மாசம் மேசைக்கு அடியில உக்காந்தது நான் இல்ல, அவ” என்றேன். வாய் ஓயாதவன் என்கிறீர்களே, ஓய்ந்தது.

இவள்தான் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். லாண்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ‘நடிப்பு’ வருகிற இடத்தில் தலைமையாசிரியை அம்மா தன் பக்கத்தில் இருந்த உங்கள் பழைய கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். படித்து முடித்ததும் நோட்டுப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எங்கிட்டயும் இப்படி ஒரு நோட்டு இருக்கு” என்றார்.

பெற்றோர் சார்பில் வந்தவர் மட்டும் விடவில்லை. “எல்லாருக்கும் குடுத்தா இதுக்கு முடிவு ஏதுங்க? எண்ணிக்கை ஏறிட்டே போகுதே” என்றார். நான் சொல்லிவிட்டேன், “ஏறட்டுங்க. இவ்வளவு நாள் எண்ணாம விட்டது ஏறத்தான் செய்யும். தப்பா எண்ணினா திருத்துங்க. எண்ணாம விட்டா திருத்தக்கூட முடியாது.” பத்தாம் வகுப்பு இரண்டு தவணை என்றாலும் பேச வேண்டிய இடத்தில் பேசினேன், அண்ணா.

முடிவு: உதவி டீச்சர் அடுத்த வருடம் முழுக்க உண்டு. காதில் மாட்டும் அடைப்பானும் வகுப்பில் போட்டுக்கொள்ளலாம். ஒத்திகை மணிக்கு முன்னால் அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆனால் என் கணக்கில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, அது நியாயம்தான். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அதற்குப் புதுப் படிவம் இரண்டு. ஒன்று பெற்றோர் நிரப்ப வேண்டும். இன்னொன்றை அந்த வீட்டில் வசிக்காத நெருங்கிய உறவினர் ஒருவர், பிள்ளையை நேரில் பார்த்து நிரப்ப வேண்டும்.

கம்பெனியில் இன்று காலை கூப்பிட்டு விசாரித்தார்கள். என் லிஃப்ட் நாற்பதையும் வேறொரு மெக்கானிக் சரிபார்க்கப் போகிறார். பார்க்கட்டும். எல்லாம் ஓடும். ஓடாவிட்டால் எழுதட்டும்.

அந்த இரண்டாவது படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அறுபது கேள்வி. நெருங்கிய உறவினர் என்று பத்திரிகையில் நீங்களே எழுதிவிட்டதால் வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

அங்கே உட்கார்ந்து நிரப்பி அனுப்பக் கூடாது. ரயில் ஏறி வாருங்கள், அண்ணியோடு. ஒரு வாரம் இருங்கள். தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது என்பீர்கள், தாழ்வான ஸ்டூல் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அவள் டார்ச் அடிக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் இரண்டாம் தடவை உரக்கக் கூப்பிடாதீர்கள், சும்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் ஏதாவது விளக்கிக்கொண்டிருக்கும்போது அவள் “கதவு மூடுகிறது, தள்ளி நிற்கவும்” என்றால் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் உங்களை யாரும் அப்படி வகுப்பை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். பழகிக்கொள்ளுங்கள். நான் ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே நிற்கிறேன்.

ஏழாம் நாள் பேனாவை எடுங்கள். சிவப்பாக இருந்தாலும் சரி. முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழே ஓடினால் அந்தக் கை யாருடைய அண்ணன் கை என்று எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி